பொழுதுபோக்குச் சாமானுக்குக் கடனா, சேர்த்த காசா?

நீங்கள் கேட்டது இது. மூன்று ஆண்டுகளாகப் படம் எடுக்கிறீர்கள். பறவைகளை எடுப்பதற்கு, தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸ் ஒன்று வாங்க ஆசை. விலையில் ஐந்தில் ஒரு பங்கு கையில் இருக்கிறது. மிச்சத்தைச் சேர்க்கப் பத்து மாதம் ஆகும். இதற்கிடையில் கடையில் 12 மாத வட்டியில்லாத் தவணை தருவதாகச் சொல்கிறார்கள். "சேர்த்தாலும் மாதம் இவ்வளவுதான் போகும், தவணை கட்டினாலும் இவ்வளவுதான் போகும், இன்றைக்கே வாங்கி அனுபவி" என்கிறார் நண்பர். "கடன் மட்டும் வேண்டாம்" என்கிறார்கள் வீட்டில். யார் பேச்சைக் கேட்பது?

வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். சேர்த்து வாங்குங்கள். நான் 14 ஆண்டுகள் தவணைக் கடன் பிரிவில் வேலை பார்த்தேன். அதைவிட நீண்ட காலமாக வானம் பார்க்கும் பொழுதுபோக்கும் எனக்கு உண்டு. கடன் என்றாலே தீது என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்கும் படிப்புக்கும் கடன் வாங்கி முன்னுக்கு வந்த குடும்பங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பொழுதுபோக்குக்கு வாங்கும் கடனில்தான் தனியாக ஒரு கோளாறு இருக்கிறது. வட்டி அந்தக் கோளாற்றில் பாதிதான். முதலில் வட்டியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கணக்கு தெளிந்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

கார்டில் பணம் கட்டுவது வேறு, கார்டில் கடன் வாங்குவது வேறு. இரண்டுக்கும் ஒரே கிரெடிட் கார்டைத் தேய்ப்பதால் பலர் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். பில் போடும் தேதிக்கும் கட்ட வேண்டிய கடைசித் தேதிக்கும் நடுவில் பொதுவாக மூன்று வாரம் இருக்கும். பில் போட்ட மறுநாள் வாங்கினால் அந்த மாதம் முழுவதும் சேர்ந்து ஏழு வாரம் வரை வட்டியில்லாமல் கிடைக்கும். கடைசித் தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் நீங்கள் யாருக்கும் வட்டி தரவில்லை. இது ரொக்கத்தில் வாங்கியதற்குச் சமம்தான்.

முழுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுவைத்தால் கதையே மாறிவிடும். பெரும்பாலான கார்டுகளில் வட்டி கடைசித் தேதியிலிருந்து தொடங்குவதில்லை, வாங்கிய நாளிலிருந்தே ஏறும். அதோடு, பாக்கி இருக்கும்வரை அடுத்து வாங்கும் எந்தப் பொருளுக்கும் அந்த வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. லென்ஸுக்காக வைத்த பாக்கி, அடுத்த வாரம் வாங்கிய மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி போட வைக்கும். இது தெரியாமல், "கொஞ்சம்தான் பாக்கி வைத்தேன், இவ்வளவு வட்டி எப்படி வந்தது" என்று பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம்.

மாதம் 3% என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்து ஆண்டுக்கு அது 42.6% ஆகிறது. பில்லின் அடியில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருப்பார்கள், பெரும்பாலும் பாக்கியில் 5% அளவுக்கு. 1000 என்ற பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். மாதம் 3% வட்டி ஏற, நீங்கள் 5% கட்ட, பாக்கி ஒவ்வொரு மாதமும் 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறையும். 1000 என்பது 500 ஆகவே 32 மாதம் பிடிக்கும். இப்படியே கட்டிக்கொண்டு போனால், 1000 பெறும் பொருளுக்குக் கடைசியில் நீங்கள் கொடுத்திருப்பது 2400-ஐ நெருங்கும். இரண்டரை ஆண்டு கழித்தும் பாதிக் கடன் நிற்கிற ஒரு கேமராவுக்கு அதற்குள் அடுத்த மாடல் வந்து, பழையதின் மதிப்பே அந்தப் பாதிக்கும் கீழே போயிருக்கலாம்.

சரி, நீங்கள் கேட்டது அந்த வட்டி இல்லை, வட்டியில்லாத் தவணை. அதையும் பிரித்துப் பார்ப்போம்.

லென்ஸின் விலை 1200 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 வீதம் 12 மாதம். கூட்டினால் 1200தான், ஒன்றும் கூடவில்லை என்று தோன்றும். அதே கடையில், "மொத்தப் பணத்தையும் இப்போதே தருகிறேன், என்ன விலைக்குத் தருவீர்கள்" என்று கேளுங்கள். 5% குறைத்து 1140-க்குத் தருகிறார் என்றால், இன்றைய உண்மை விலை 1140. நீங்கள் 1140 கடன் வாங்கி 1200 திருப்பித் தருகிறீர்கள். முதல் மாதத்திலிருந்தே அசலும் குறைந்துகொண்டு வருவதால், இந்த 60 என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 9.6% வட்டிக்குச் சமம். அப்புறம் பிராசசிங் கட்டணம் என்று 2% முதலிலேயே பிடித்தால் அது 14% பக்கம் போய்விடும். அதே 5% தள்ளுபடியை விட்டுக்கொடுத்து ஆறு மாதத் தவணை எடுத்தால், காலம் பாதியாகிவிட்டதால் வட்டி குறையாது, ஏறும்: ஏறத்தாழ 18%. வட்டி எங்கேயும் போய்விடவில்லை, விலைக்குள் ஒளிந்திருக்கிறது. ரொக்கத்துக்கும் தவணைக்கும் உண்மையிலேயே ஒரே விலை, கட்டணம் எதுவும் இல்லை என்றால் மட்டும்தான் அது வட்டியில்லாத் தவணை. அப்படிப்பட்டவையும் இருக்கின்றன. தயாரிப்பாளர்கள் பழைய மாடலைத் தள்ளிவிட நினைக்கும்போது அந்த வட்டியைத் தாங்களே ஏற்றுக்கொள்வதுண்டு.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள்: 'ஃபிளாட் வட்டி'. 1200-க்கு 12% ஃபிளாட் என்றால் 144 வட்டி, மொத்தம் 1344, மாதம் 112. நீங்கள் அசலைக் கட்டக் கட்டக் கடன் குறைகிறது, ஆனால் வட்டி மட்டும் கடைசிவரை முழு 1200-க்கும் போடப்படுகிறது. உண்மையில் அது ஆண்டுக்கு 21.5% அளவில் வரும். ஃபிளாட் என்று சொன்னால் அதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கி மனதில் வைத்துக்கொள்வது என் பழக்கம்.

கணக்கு இவ்வளவுதான். உங்கள் நண்பர் சொன்னதுதான் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் நல்ல மனதோடு சொல்லப்படும் வாதம் அது, கேட்கவும் நியாயமாக இருக்கிறது. 1200-இல் கையில் இருக்கும் 240 போக மிச்சம் 960-ஐப் பத்து மாதத்தில் சேர்த்தால் மாதம் 96, தவணை கட்டினால் மாதம் 100. என்ன பெரிய வித்தியாசம்?

ஐந்தாவது மாதம் வேலையில் ஒரு தடங்கல் வருகிறது என்று நினைத்துப் பாருங்கள். அல்லது வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகிறது. சேர்த்துக்கொண்டிருந்தவரிடம் அப்போது முதலில் இருந்த 240-உம் சேர்ந்து 720 இருக்கும். அவர் அந்த மாதம் நிறுத்திக்கொள்வார், அவசரம் என்றால் அதிலிருந்தே எடுப்பார், லென்ஸ் ஆறு மாதம் தள்ளிப்போகும். அவ்வளவுதான். தவணையில் வாங்கியவரிடம் அந்த 240-ஐத் தவிர 700 கடன் இருக்கும், பயன்படுத்திய ஒரு லென்ஸும் இருக்கும். லென்ஸை அவசரமாக விற்கப் போனால் வாங்குபவர் சொல்வதுதான் விலை. தவணை தவறினால் அபராதம், கடன் வரலாற்றில் ஒரு கறை, பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது அந்தக் கறைக்கு ஒரு விலை. இரண்டு பேரும் ஐந்து மாதம் ஏறக்குறைய ஒரே தொகையைத்தான் கையை விட்டு எடுத்தார்கள். ஒருவருக்கு அந்தப் பணம் துணை நிற்கிறது, இன்னொருவரை அது துரத்துகிறது.

நிறுத்திக்கொள்ளும் உரிமை என்று நான் சொல்வது இதைத்தான். சேமிப்பில் அது உங்களிடம் இருக்கிறது. தவணையில் முதல் நாளே அதை எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். சாப்பாடு, வாடகை, மருந்து போன்றவற்றை நாம் எப்படியும் நிறுத்த முடியாது. பொழுதுபோக்கு ஒன்றுதான் கஷ்டகாலத்தில் கொஞ்சம் நிறுத்திவைக்கக்கூடிய செலவு. அதையும் நிறுத்த முடியாத செலவாக மாற்றிவிட்டால், குடும்ப வரவுசெலவில் வளைந்துகொடுக்க ஒரு இடமும் மிஞ்சாது.

பொழுதுபோக்குக் கடனின் தனிக் கோளாறு என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அது மனசு சம்பந்தப்பட்டது. டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவென்ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு விடுமுறைப் பயணம், துணி துவைத்து உலர்த்தும் இயந்திரம். இரண்டுக்கும் ஒரே விலை, ஆறு மாதத் தவணை. தவணையை முன்கூட்டியே கட்டி முடிப்பீர்களா, அனுபவித்த பிறகு கட்டுவீர்களா என்று கேட்டார்கள். துவைக்கும் இயந்திரத்துக்குப் பெரும்பாலோர் பிறகு கட்டுகிறோம் என்றார்கள். பயணத்துக்குப் பெரும்பாலோர் முன்னாலேயே கட்டிவிடுகிறோம் என்றார்கள். வெறும் வட்டிக் கணக்குப்படி பார்த்தால் இரண்டையும் பிறகு கட்டுவதுதான் லாபம். ஆனாலும் மகிழ்ச்சிக்காகச் செய்யும் ஒன்றைக் கணக்குத் தீர்ந்த மனதோடு அனுபவிக்க வேண்டும் என்று சாதாரண மக்களுக்கே தெரிந்திருக்கிறது. துவைக்கும் இயந்திரம் தினமும் உழைக்கிறது, தவணை கட்டும்போது அது உழைத்ததற்குக் கூலி கொடுப்பது போல இருக்கும். முடிந்துபோன மகிழ்ச்சிக்குப் பணம் கட்டுவது அப்படி இருப்பதில்லை.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். என் முதல் தொலைநோக்கியை 18 மாதத் தவணையில் வாங்கினேன். படத்தில் பிரமாதமாக இருந்தது. பூமியின் சுழற்சியை ஈடுகட்டும் தாங்கி, அதற்கு எதிர்எடைகள், துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரிசெய்யும் வேலை எல்லாம் உண்டு. வேலை முடிந்து வந்து, அதைப் பாகம் பாகமாக வெளியே சுமந்து, பூட்டிச் சரிசெய்வதற்குள் அரை மணி நேரம் போய்விடும், அதற்குள் மேகம் வந்துவிடும். நான்கைந்து மாதத்துக்குப் பிறகு அதை வெளியே எடுப்பதே அரிதாகிவிட்டது. தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கணக்கில் கழியும்போதும் மூலையில் துணி போர்த்தி நிற்கும் அந்தக் கருவி ஞாபகத்துக்கு வரும். கடன் தீரும்வரை வானத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை. பணத்தைவிட எனக்குப் பெரிய இழப்பு அந்த ஓர் ஆண்டு வானம்தான்.

இரண்டாவதை 11 மாதம் காசு சேர்த்து வாங்கினேன். அந்த 11 மாதமும் சும்மா இருக்கவில்லை. நட்சத்திரம் பார்க்கக் கூடும் இடங்களுக்குப் போய் மற்றவர்களுடைய கருவிகள் வழியாகப் பார்த்தேன். கையில் இருந்த சாதாரண இருகண் நோக்கியால் வியாழனின் நிலவுகளையும் கார்த்திகைக் கூட்டத்தையும் பார்க்கப் பழகினேன். எனக்கு வேண்டியது இரண்டு நிமிடத்தில் வெளியே வைத்துப் பார்க்கத் தொடங்கக்கூடிய ஒன்று என்பது அப்போதுதான் புரிந்தது. மரப்பெட்டி போன்ற தாங்கியில் உட்காரும் ஆறு அங்குல டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி ஒன்றை, ஒருவர் பயன்படுத்தியதையே வாங்கினேன். தாங்கியைச் சரிசெய்யும் வேலையே கிடையாது. முதலில் வாங்கியதில் பாதி விலைகூட ஆகவில்லை. இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

காத்திருக்கும் காலம் வீண் என்று பலரும் நினைக்கிறார்கள். மீன் தொட்டி வைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றியவுடன் மீன் விடக்கூடாது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் வளர வேண்டும். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பொறுமையில்லாமல் முதல் வாரமே மீன் விட்டவர்கள் அவை சாவதைப் பார்த்திருக்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் அந்த ஆறு வாரமும் வெறும் தண்ணீர்தான் நிற்கிறது. உள்ளே தொட்டி உயிர் தாங்கத் தயாராகிக்கொண்டிருக்கிறது. காசு சேரும் மாதங்களில் நமக்கும் அப்படி ஒன்று நடக்கிறது. உண்மையான ஆர்வம் என்றால் வேரூன்றும். விளம்பரம் பார்த்து வந்த ஆசை என்றால் மூன்றாவது மாதமே வாடிவிடும். வாடிப்போனால் நல்லது, சேர்த்த பணம் உங்களிடமே இருக்கிறது.

எதிர்பார்ப்பிலேயே ஒரு சுகம் இருக்கிறது என்பதையும் லோவென்ஸ்டைன் 1987-இலேயே காட்டினார். மனம் கவர்ந்த திரை நட்சத்திரத்தின் முத்தத்துக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டபோது, உடனே கிடைப்பதைவிட மூன்று நாள் கழித்துக் கிடைப்பதற்கு மக்கள் அதிகம் தர முன்வந்தார்கள். காத்திருந்து நினைத்து நினைத்து மகிழும் அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் அந்த விலை.

கார்டைப் பற்றி இன்னொன்று. 2001-இல் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு மாணவர்களை ஏலம் கேட்கச் சொன்னார்கள். ரொக்கமாகத் தர வேண்டும் என்று சிலருக்கும், கார்டில் தர வேண்டும் என்று சிலருக்கும் சொல்லப்பட்டது. கார்டுக்காரர்கள் கேட்ட விலை சராசரியாக ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. எல்லாப் பொருளுக்கும் இரண்டு மடங்கு ஆகும் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் மதிப்பு இவ்வளவு என்று திட்டமாகத் தெரியாத, ஆசை மட்டுமே விலை சொல்லும் பொருட்களில் கார்டு நம் கையை எவ்வளவு தளர்த்துகிறது என்பதற்கு இது நல்ல சான்று. பொழுதுபோக்குச் சாமான் எல்லாமே அந்த வகைதான். லென்ஸ் வாங்கப் போனவர் தவணையில் மாதம் இன்னும் 30 கூடினால் அடுத்த ரகம் கிடைக்கிறது என்று கேட்டவுடன் மனம் மாறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த 30 என்பது 12 மாதத்துக்கு 360. கையில் எண்ணித் தருவதாக இருந்தால் அதை அவ்வளவு லேசாகச் சொல்லியிருக்க மாட்டார்.

தவணைகள் தனியாகவும் வருவதில்லை. லென்ஸுக்கு 100 என்பது தாங்கும். ஆறு மாதத்தில் கேமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாடுக்கு 40, பிறகு கேமரா வைக்கும் பைக்கு 20. ஒவ்வொன்றும் சின்னது என்று தனித்தனியாகச் சம்மதித்திருப்போம். 'இப்போது வாங்கு, பிறகு கொடு' என்று செயலிகள் நான்கு துண்டாக்கித் தருவதெல்லாம் இந்தக் குணத்தை நம்பித்தான். நான் வேலையில் இருந்தபோது கடனில் தத்தளித்து வந்தவர்களில், ஒரே பெரிய பொருளால் விழுந்தவர்களைவிட ஏழெட்டுச் சின்னத் தவணைகளால் விழுந்தவர்கள்தான் அதிகம்.

"சேர்த்து முடிப்பதற்குள் விலை ஏறிவிட்டால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கார்டு பாக்கிக்கு 42% வட்டி கட்டுவதை நியாயப்படுத்த, அந்தப் பொருளின் விலை ஓராண்டில் அந்த அளவு ஏற வேண்டும். கேமரா, கணினி போன்ற மின்னணுச் சாமான்களில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும், புது மாடல் வந்ததும் பழையது மலியும். லென்ஸ்கள் கேமராவை விட மெதுவாகத்தான் மதிப்பு இழக்கும். அதனாலேயே நன்றாகப் பராமரித்த பழைய லென்ஸ் ஒன்று கிடைத்தால், காசு வைத்திருப்பவருக்கு அது பெரிய வாய்ப்பு. தவணை பெரும்பாலும் புதுப்பொருளுக்குத்தான் கிடைக்கும். பழைய பொருள் விற்பவர் கையில் காசைக் கேட்பார். அந்தச் சந்தையின் கதவு சேமிப்பவருக்கு மட்டும்தான் முழுதாகத் திறக்கிறது.

கடன் சரியாக இருக்கும் இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். முழுப் பணமும் தனியாக ஒதுக்கியாகிவிட்டது, ரொக்கத்துக்கும் தவணைக்கும் ஒரே விலை, கட்டணமும் இல்லை என்றால் தவணை எடுத்துக்கொள்ளுங்கள். பணத்தை வட்டி வரும் கணக்கில் வைத்து அதிலிருந்தே தவணை போகும்படி செய்துவிடுங்கள். முன்பின் தெரியாத இணையக் கடையில் வாங்கும்போதும் கார்டு நல்லது. பொருள் வராவிட்டால், உடைந்து வந்தால், அட்டை நிறுவனத்திடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. பில் வந்ததும் ஒதுக்கிவைத்த பணத்தால் முழுவதையும் கட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

பொழுதுபோக்கு சம்பாதிக்கத் தொடங்கிவிட்டால் அது வேறு கணக்கு. தவணை வியாபாரம் பரவியதில் தையல் இயந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்கர் நிறுவனம் 1856-இல் இயந்திரத்தைத் தவணைக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஒரு குடும்பம் அந்த இயந்திரத்தில் தைத்தே அதன் தவணையைக் கட்ட முடியும். உங்களுக்கும் கையில் உறுதியான வேலை இருக்கிறது, முன்பணம் வந்துவிட்டது, இந்த லென்ஸ் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்றால் யோசிக்கலாம். "வாங்கினால் வேலை வரும்" என்பது மட்டும் காரணமாக இருந்தால் வேண்டாம். அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கடன் வாங்கியவர்களின் கோப்புகளை நிறையப் புரட்டியிருக்கிறேன்.

இன்னும் ஓர் எச்சரிக்கை, இது சேமிப்பவர்களுக்கு. கார்டில் ஏற்கெனவே பாக்கி இருந்தால் லென்ஸுக்குச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் அந்தப் பாக்கியைக் கட்டித் தீருங்கள். வங்கியில் 5% வட்டிக்குப் போட்டுக்கொண்டே கார்டுக்கு 40% கட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. ஆனால் அந்தக் காலத்திலும் பொழுதுபோக்குக்கென்று மிகச் சிறிய தொகை ஒன்றை விட்டுவையுங்கள். எல்லா ஆசையையும் ஒரேயடியாக அடக்கினால் மனம் ஒரு நாள் வெடித்துப் பெரிதாக ஏதாவது வாங்கிவிடும். அவசரகாலப் பணத்தில் கைவைத்து லென்ஸ் வாங்குவதும் ஒருவகையில் கடன்தான், உங்களுக்கு நீங்களே கொடுத்த கடன். அதைத் திருப்பிக் கேட்க ஆளில்லாததால் பெரும்பாலும் அது திரும்புவதே இல்லை.

சேர்க்கும் முறை எளிமையாக இருந்தால்தான் நடக்கும். சம்பளம் வந்த அன்றே 96 ஒரு தனிக் கணக்குக்குத் தானாகப் போக வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் மிஞ்சாது. கணக்குக்கு 'பறவை' என்று பெயர் வைக்க முடிந்தால் வையுங்கள், வேறெதற்காவது எடுக்கக் கை கூசும். அலமாரியில் பயன்படாமல் கிடக்கும் பழைய லென்ஸ், ஃபிளாஷ் ஏதாவது இருந்தால் விற்று அதில் போடுங்கள். பொழுதுபோக்குக்கான பணத்தைப் பொழுதுபோக்கே ஓரளவு தரட்டும். பிறகு, லென்ஸின் விலையை மட்டும் இலக்காக வைக்காதீர்கள். 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று கிட்டத்தட்ட இரண்டு கிலோ இருக்கும். உங்களிடம் இருக்கும் ட்ரைபாட் அதைத் தாங்குமா? ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காமல் வைக்க என்ன ஏற்பாடு? எனக்குத் தெரிந்தவரை இந்தச் சில்லறைகள்தான் சேமித்து வாங்கியவர்களையும் கடைசி நிமிடத்தில் கார்டை எடுக்க வைக்கின்றன. தொடக்கத்திலேயே 15% கூட்டி இலக்கு வையுங்கள், ஒன்றிரண்டு மாதம் கூடுதலாகும், பரவாயில்லை.

வீட்டில் இந்தக் கணக்கைக் காட்டிவிடுங்கள். ஒளித்து வாங்கிய சாமானை யாரும் நிம்மதியாகப் பயன்படுத்தியதில்லை. வேண்டாம் என்று சொன்னவர்களே, நீங்கள் ஆறு மாதம் விடாமல் சேர்ப்பதைப் பார்த்தால் ஏழாவது மாதம் தாங்களும் கொஞ்சம் சேர்த்துத் தருவார்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரே ஒரு வேலை சொல்கிறேன். மூன்றாவது மாதம் வாக்கில், லென்ஸ் வாடகைக்குக் கிடைத்தால் இரண்டு நாளுக்கு எடுங்கள், இல்லையென்றால் நண்பரிடம் இரவல் கேளுங்கள். அதற்கு ஆகும் காசைச் சேமிப்பிலிருந்தே எடுக்கலாம். விடியற்காலை வெளிச்சத்தில், பறக்கும் பறவையை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்துப் பாருங்கள். 600 மி.மீ. முனையில் எஃப் 6.3 துளை அந்த வெளிச்சத்துக்குப் போதுகிறதா, ஐஎஸ்ஓ என்னும் ஒளி உணர்திறனை எவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறது, இரண்டு கிலோவைக் கையில் எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவில் இருப்பது முழு அளவைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் பெரும்பாலும் 1.5 மடங்குப் பெருக்கம் இருக்கும், 400 மி.மீ. லென்ஸே 600 அளவுக்கான காட்சியைத் தரும். அது போதும் என்று தெரிந்தால் எடையும் குறையும், விலையும் குறையும், பத்து மாதம் ஆறேழாகச் சுருங்கவும் வாய்ப்பு உண்டு. பார்த்துவிட்டு எழுதுங்கள், 400-ஆ 600-ஆ என்பதை வைத்து எந்த ட்ரைபாட் என்று அப்போது பேசலாம்.